‘மறு’ என்றால் மறுபடியும்

அம்மிணி, இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. படித்தவர்கள் சொன்னால் முன்னே பின்னே மாறாமல் வரும். நான் ஏழாவதோடு நின்றவள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் யாரிடமாவது ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட வேண்டும். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள். காற்று வரட்டும், சாத்த வேண்டாம். எங்கே தப்பு வருகிறதோ அங்கே என்னை நிறுத்து.

நான் ராசாமணி. கரூரில் திரைச்சீலை, மேஜை விரிப்பெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறேன். பெட்டியில் போடுகிற துணியும் வாங்குகிறவர்கள் அனுப்பிய படமும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. படமெல்லாம் என் மெயிலுக்குத்தான் வரும். இந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் நூல் வெட்டுகிற இடத்தில் நின்றுகொண்டே இருந்தவள் நான். கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டுவிட்டது, புடவையைத் தூக்கினால் நீயே பயந்துபோவாய். அதனால் நாற்காலி என்றால் எனக்கு என்ன என்று உனக்குப் புரிந்துவிடும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேள்.

போன வருஷம் கம்பெனியில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். மெயிலும் படமும் இனிமேல் இங்கே இருக்கிற பெட்டியில் இல்லையாம், கிளவுடில் இருக்கிறதாம். எந்த ஊரில் இருந்தாலும் திறக்கலாமாம். அதனால் பாஸ்வேர்டு மட்டும் போதாதாம், போனும் சரி என்று சொல்ல வேண்டுமாம். கம்ப்யூட்டர் பார்க்கிற பிரேம்நாத் என் போனை வாங்கி ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். நல்ல பையன். பொறுமைசாலி. எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் போனைத் தமிழில் வைத்திருந்தேன், ஆப்பும் தமிழிலேயே வந்தது.

"அக்கா, நீங்க உள்ள போறப்ப போன் கேக்கும். ‘அனுமதி’ன்னு இருக்கில்ல, அத அமுக்குங்க, அவ்வளவுதான்" என்றான்.

போன் கேட்டது. ‘உள்நுழைவை அனுமதிக்கவா?’ கீழே இரண்டு கட்டம். ஒன்றில் ‘அனுமதி’. இன்னொன்றில் ‘மறு’.

இந்த ‘மறு’ என்ன என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பின்னால் ஆறு பேர் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். தமிழில்தானே எழுதியிருக்கிறது, தமிழே தெரியாதா என்று சிரித்துவிட்டால்? மறுநாள் என்றால் அடுத்த நாள். மறு சோறு என்றால் இரண்டாம் தடவை போடுகிற சோறு. மறு என்றால் மறுபடியும். அமுக்கினால் மறுபடியும் கேட்கும் போல, கை தவறிப் போனவர்களுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீ சொல், நீயாக இருந்தாலும் அப்படித்தானே நினைத்திருப்பாய்? சரி, நீ படித்தவள், நினைத்திருக்க மாட்டாய்.

பக்கத்து மேஜை கோகிலவாணியுடையது. எல்லோரும் வாணி என்போம். என்னைவிடப் பத்து வயது சின்னவள். டைப் அடிப்பதில் விரல் பறக்கும். என் பாஸ்வேர்டையே அவள்தான் அடித்துக் கொடுப்பாள். "ராசாமணியக்கா, நீங்க ஒரு எழுத்தத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள நான் ஒரு பெட்டியே கட்டிருவேன்" என்று கேலி பண்ணுவாள். அவள் டிபன் பாக்ஸில் பாதி எனக்கு, என்னுடையதில் பாதி அவளுக்கு. அவளுக்கு நான் கெடுதல் நினைத்ததே இல்லை அம்மிணி. இதை நீ முதலில் நம்ப வேண்டும்.

கோயம்புத்தூரில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம் ஆகி, ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கிவிட்டார்கள். நான் சோற்று வாளியோடு பந்தியில் நிற்கிறேன். இடுப்பில் செருகிய போன் நடுங்குகிறது. எடுத்துப் பார்த்தால் ‘உள்நுழைவை அனுமதிக்கவா?’ இன்றைக்கு லீவு ஆயிற்றே என்று செருகிவிட்டேன். மறுபடி நடுங்கியது. மறுபடி. அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் சித்தப்பா இலையைத் தட்டி, "மறு சோறு வைங்க, எவ்வளவு நேரம் இலையையே பாத்துட்டு இருக்கறது?" என்கிறார். இந்தப் பக்கம் அது விடாமல் கேட்கிறது. கம்பெனியில் ஏதோ அவசரம், நான் சரி சொல்லாததால் யாருக்கோ வேலை நிற்கிறது என்று நினைத்தேன். ‘மறு’வை அமுக்கினால் மறுபடியும்தானே வரும்? அதனால் சாம்பார்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ‘அனுமதி’யை அமுக்கினேன்.

அப்பாடா, நின்றுவிட்டது.

அந்தச் சித்தப்பாவுக்கு இரண்டு கரண்டி அதிகமாகவே போட்டேன்.

பிறகு நான் அதை மறந்தே போனேன். ஒரு மாதம் இருக்கும். எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள் ஒரு நாள் காலையில் கொதித்துப்போய்க் கூப்பிட்டார்கள். இன்னும் கடைக்கே வராத அவர்களுடைய திரைச்சீலை டிசைன், மயில் கழுத்து நிறத்தில் கொடி கொடியாகப் போகும், அது அப்படியே வேறு யாரோ விற்கப் போட்ட விளம்பரப் படத்தில் இருந்ததாம். படம் எங்கள் கம்பெனிக்கு மட்டும்தான் வந்தது. எங்கள் கம்பெனியில் அந்த மெயில் வந்தது என் ஒருத்திக்குத்தான்.

மேனேஜர் குமரேசன் சார் கூப்பிட்டார். ஏசி அறை. பிரேம்நாத் திரையில் ஒன்றைத் திறந்தான். சைன்-இன் லாக் என்றான். நம் பெயரில் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு வரி விழுந்துவிடுமாம். யார் பெயர், என்றைக்கு, எந்த ஊரிலிருந்து, எந்த மெஷினில், பாஸ்வேர்டு சரியாக இருந்ததா, போன் சரி சொன்னதா, எல்லாம் கட்டம் கட்டமாக. என் பெயர் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. நான் இத்தனை தடவை வேலை செய்திருக்கிறேனா என்று எனக்கே ஆச்சரியம்.

"அக்கா, பதறாதீங்க. ஒவ்வொண்ணாப் பாக்கலாம். எது நீங்க, எது நீங்க இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

கரூர், கரூர், கரூர் என்று வந்தது. நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூர் என்று இருந்தது.

"இது?" என்றார் மேனேஜர்.

"நான்தானுங்க. அன்னிக்கி அக்கா வீட்டு மறுவீடு. கோயம்புத்தூர்லதான் இருந்தேன்."

பார், எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். ஊர் சரியாக இருக்கிறது, நாள் சரியாக இருக்கிறது. நான் அங்கேதான் இருந்தேன். பொய் சொல்லவில்லையே?

அடுத்த புதன்கிழமைக்கு வந்தான். சென்னை.

"நான் இல்லைங்க" என்றேன். "நான் சென்னைக்குப் போயே பல வருஷம் ஆச்சுங்க."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் புதன்கிழமை யார் லீவு என்று பார்த்தார். வாணி. மகளைக் கபடித் தேர்வுக்கு அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தாள். நான் அவள் பெயரைச் சொல்லவே இல்லை அம்மிணி. சென்னை என்று திரைதான் சொன்னது. நான் இல்லை என்று மட்டும்தான் நான் சொன்னேன்.

"உங்க பாஸ்வேர்டு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"அவதானுங்க அடிச்சுக் குடுப்பா."

"போன்?"

"சாப்பாட்டுக்குக் கை கழுவப் போறப்ப மேஜை மேலதான் வெச்சுட்டுப் போவேன்."

"ஒரு தடவ இவங்க போன் கைக்குக் கெடச்சா, அந்தம்மா போன்லயே அனுமதி கேக்கற மாதிரி பண்ணிக்கலாமில்ல?" என்று பிரேம்நாத்தைக் கேட்டார்.

"பண்ணலாம் சார். ஆனா..."

"ஆனாவெல்லாம் அப்புறம்."

பிரேம்நாத் விடவில்லை, என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, நீங்க உள்ள போகாதப்ப, உங்க போன் எப்பவாச்சும் தானா வந்து அனுமதி கேட்டுச்சா?"

எனக்கு அந்தச் சாம்பார்க் கை ஞாபகம் வந்தது. அப்போதே வந்தது. அந்த நாற்காலியும் ஞாபகம் வந்தது, நூல் வெட்டுகிற இடமும் ஞாபகம் வந்தது.

"இல்லைங்க தம்பி" என்றேன்.

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா உன்னிடம்? வேண்டாம், இருக்கட்டும். மண்மங்கலம் தாண்டிவிட்டோமா? இன்னும் இருக்கிறது.

வாணியை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள், யாரும் அனுப்பவில்லை. கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துவிட்டார்கள். கேட்டில் அவள் பையை மட்டும் தினமும் திறந்து பார்த்தார்கள், டிபன் பாக்ஸைக்கூட. மடிப்பு மேஜையில் இருக்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? அவள் வந்தால், "ஏ, சென்னை வருது, படத்தையெல்லாம் மூடி வைங்கடி" என்பார்கள். சென்னை என்றே பெயர் ஆகிவிட்டது. நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சிரித்திருப்பேன், எல்லோரும் சிரிக்கும்போது.

ஒரு நாள் கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ராசாமணியக்கா, யாரு வேணா என்ன வேணா சொல்லட்டும். நீங்க சொல்லுங்க. நான்தான் பண்ணினேன்னு நீங்க நெனக்கிறீங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "லாக்கு அப்பிடிச் சொல்லுது, நான் என்ன பண்றது வாணி?" என்றேன்.

அவள் குழாயை மூடிவிட்டுப் போனாள். அந்த வாரக் கடைசியில் அவளாகவே நின்றுவிட்டாள். இப்போது வேலாயுதம்பாளையத்தில் வீட்டிலேயே கொசுவலை தைக்கிறாளாம். மகளைத் தேர்வில் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

பிறகு பிரேம்நாத் எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தான். பாஸ்வேர்டை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பாஸ்வேர்டு திருட்டுப் போனாலும் கடைசிக் கதவு உங்கள் போன்தான். "நீங்களாக் கூப்பிடாம எது வந்து கேட்டாலும் ‘மறு’ அமுக்குங்க, பத்திரமா இருக்கலாம்" என்றான்.

மடிப்பு மேஜை சுகந்தி கேட்டாள்: "மறுன்னா கன்னத்துல இருக்குமே, அதுவா?"

கேன்டீனே சிரித்தது. பிரேம்நாத்தும் சிரித்தான். "இல்லைங்க்கா. மறுக்கறது. வேண்டாம், போன்னு சொல்றது."

மறுக்கிறது. எனக்குத் தெரிந்த வார்த்தைதான் அம்மிணி. தினமும் பேசுகிற வார்த்தை. அதில் பாதியை வெட்டி ஒரு கட்டத்துக்குள் வைத்துவிட்டார்கள், எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

அன்றைக்கே இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தான். அவரவர் லாக்கை அவரவரே போனில் பார்க்கலாமாம், வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். போன வாரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது போனில் மெயிலைத் திறந்தேன். போன் கேட்டது, அனுமதித்தேன். அப்படியே லாக்கையும் பார்ப்போம் என்று பார்த்தேன். மேலே புது வரி. இப்போதுதான் விழுந்திருக்கிறது. என் பெயர். செல்போன். ஊர்: சென்னை.

பஸ் ரவுண்டானாவில் நிற்கிறது. வெளியே கரூர் பஸ் ஸ்டாண்டு தெரிகிறது. போன் என்னைச் சென்னை என்கிறது.

அடுத்த நாள் பிரேம்நாத்திடம் போய், "சும்மா கேக்கறேன் தம்பி" என்று ஆரம்பித்தேன். அவன் சொன்னான்: ஆபீஸ் வைஃபையில் போனால் கரூர் என்று காட்டும். செல்போன் நெட்டில் போனால், அந்த செல்போன் கம்பெனியின் வழி எந்த ஊரில் வெளியே வருகிறதோ அந்த ஊர்தான் லாக்கில் விழும். பல சமயம் சென்னை. ஊரை வைத்து மட்டும் யாரையும் சொல்லக் கூடாது.

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். "அக்கா, அந்தப் புதன்கிழமை... மத்தியானம் கரண்ட் போச்சே, ஜெனரேட்டர்கூட ஓடலையே?"

ஆமாம். கரண்ட் போனது. வைஃபையும் போனது. லாரிக்காரன் வாசலில் நின்றான், நான் படத்தைப் போனில் திறந்துதான் பெட்டியைச் சரிபார்த்து ஏற்றினேன். சுத்தமாக மறந்துவிட்டேன். சென்னை நான்தான்.

அவன் லாக்கைத் திறந்தான். புதன்கிழமை வரியில் மெஷின் கட்டத்தில் செல்போன் என்று இருந்தது, என் செல்போன். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வரியைத் தொட்டான். கோயம்புத்தூர். மெஷின் கட்டத்தில் கம்ப்யூட்டர். அதற்கு மேலே வரிசையாகப் பாஸ்வேர்டு சரி, போன் பதில் இல்லை. பாஸ்வேர்டு சரி, போன் பதில் இல்லை. கடைசியில் ஒன்று: போன் அனுமதித்தது.

"மறுவீட்டுக்குக் கம்ப்யூட்டர் எடுத்துட்டாக்கா போனீங்க?" என்றான் மெதுவாக.

நான் சோற்று வாளியோடு நின்றேன் அம்மிணி. கம்ப்யூட்டருக்கு எங்கே போவேன்? நான் இருந்த ஊரின் பெயரிலேயே வேறு எவனோ என் பாஸ்வேர்டைத் திருடி நுழைந்திருக்கிறான், அதுவும் நிஜமாகவே அந்த ஊர்தானா என்று சொல்ல முடியாதாம். நான் ‘நான்தான்’ என்றது நான் இல்லை. ‘நான் இல்லை’ என்றது நான்.

பிரேம்நாத் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னிக்கே மெஷின் கட்டத்தப் பாருங்க சார்னு நான் சொல்லியிருக்கணும். எம்மேலயும் தப்பு இருக்கு" என்றான். பிறகு சொன்னான்: "லாக்கு எது வேணா சொல்லும்க்கா. அமுக்கின விரல் யாருதுன்னு அது சொல்லாது. நீங்க மேனேஜர் முன்னாடி ஒரு வார்த்தை சொன்னாத்தான் வாணியக்கா பேரு சுத்தமாகும். உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நான் பேசறேன்."

பண்ண மாட்டார்கள் என்று அவன் சொல்வான். அவன் வயதுக்கு நூறு கம்பெனி. எனக்கு?

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அடுத்த நாளும் நாளைக்கு என்றேன். இன்றைக்குச் சாயங்காலம் என் மேஜைக்கே வந்து நின்றான். "சரி, மேனேஜர் அப்புறம். மொதல்ல வாணியக்காவப் பாத்துச் சொல்லிருங்க. நீங்க வர்றீங்கன்னு நான் போன் பண்ணிச் சொல்லிட்டேன். டீ வெச்சுட்டுக் காத்திட்டிருப்பாங்க." அதனால்தான் இந்த பஸ்ஸில் ஏறினேன்.

இப்போது நீ சொல். சரியாகச் சொன்னேனா? ‘மறு’வைப் பற்றி முதலில் சொல்ல வேண்டுமா, சென்னையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டுமா? குழாயடியில் சொன்னதற்கு என்ன சொல்வது? பிரேம்நாத் கேட்டபோது இல்லை என்றேனே, அதை அவளிடம் சொல்லியாக வேண்டுமா? அது லாக்கிலேயே இல்லையே அம்மிணி, அது எந்தக் கட்டத்திலும் விழவில்லையே. கரண்ட் போனதை மட்டும் சொன்னால் போதாதா? கரண்ட் போனது என் தப்பு இல்லை.

இரு, போன் அடிக்கிறது.

அவள்தான். பெயர் வருகிறது பார், வாணி. எப்போதோ எடுத்த போட்டோகூட வருகிறது, என் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவளே கூப்பிடுகிறாள். எங்கே வருகிறீர்கள் என்று கேட்பாள். குரலைக் கேட்டால் நான் எல்லாவற்றையும் கலக்கிச் சொல்லிவிடுவேன், எனக்குத் தெரியும். தப்பாகச் சொன்னால் சொல்லாததைவிட மோசம், இல்லையா?

கண்டக்டர் விசில் அடிக்கிறான். வேலாயுதம்பாளையம் வந்துவிட்டது. நீயும் இங்கேதான் இறங்குகிறாயா? இறங்கு, இறங்கு, நான் காலை ஒதுக்கிக்கொள்கிறேன். நான் ஆற்றுப் பாலம் தாண்டி அடுத்த ஸ்டாப்பான வேலூரில் இறங்கித் திரும்பி வருகிறேன், அதற்குள் மனதில் வரிசையாக வைத்துக்கொள்வேன். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு.

இன்னும் அடிக்கிறது. இதில் எழுத்தே கிடையாது, பச்சையும் சிவப்பும் மட்டும்தான். ஆனால் எது எது என்று இப்போது எனக்குத் தெரியும். நீங்களாகக் கூப்பிடாமல் எது வந்து கேட்டாலும் என்றானே பிரேம்நாத்? நானாக அவளைக் கூப்பிடவில்லையே.

சிவப்பை அமுக்கிவிட்டேன்.

அப்பாடா, நின்றுவிட்டது.